ஸ்க்ராட்ச் புராஜெக்ட்டுகளைக் கணினியை வைத்தே திருத்துவது எப்படி? பள்ளி ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், மூன்று பிரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். பிளாக்குகளை (கட்டளைத் துண்டுகளை) அடுக்கி நிரல் எழுதும் மொழியான ஸ்க்ராட்ச்சில் ஆளுக்கொரு கோப்பு கொடுத்தால் 120 கோப்புகள். ஒவ்வொன்றையும் திறந்து, ஓட்டத்தைத் தொடங்கும் பச்சைக்கொடியை அழுத்தி, விளையாடிப் பார்த்து, உள்ளே இருக்கும் பிளாக்குகளையும் படித்து மதிப்பெண் போட ஐந்தே நிமிடம் என்றாலும் பத்து மணி நேரம் போய்விடும். அதனால்தான் நிறைய பேர் மேடையில் பூனை ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'நன்று' போடுகிறார்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே ஸ்க்ராட்ச் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் செய்த புராஜெக்ட்டை எப்படித் திருத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த வேலையில் கணினி நிறையவே உதவும். ஆனால் எதை அதனிடம் கொடுப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். என் கணக்கில் கணினி ஒரு சல்லடை. ஐயமில்லாமல் சரியானவற்றை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஆசிரியர் உட்கார்ந்து பார்க்க வேண்டியவற்றை அது தனியே எடுத்துத் தரும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கும்.

கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு எல்லாப் படிகளும் பயன்படும். தெரியாதவர்கள் நான்காவது, ஐந்தாவது படிகளைத் தாண்டிப் போகலாம்.

படி 1: திருத்த முடிகிற மாதிரி பணியைக் கொடுங்கள்

'உனக்குப் பிடித்த விளையாட்டு ஒன்றைச் செய்' என்று சொல்லிவிட்டால், ஒருவன் கார் பந்தயம் செய்வான், இன்னொருத்தி கதை சொல்வாள். இரண்டுக்கும் பொதுவாக எதைச் சோதிப்பது? கணினி திருத்த வேண்டும் என்றால், வெளியிலிருந்து கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய நடத்தைகளாகப் பணியை எழுத வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: பழம் பிடிக்கும் விளையாட்டு.

- பச்சைக்கொடியை அழுத்தினால் 'மொத்தம்' என்ற மாறி (எண்ணிக்கையை வைத்திருக்கும் பெட்டி) 0 ஆக வேண்டும்.
- இடது, வலது அம்புக்குறிகளை அழுத்தினால் கூடை அந்தந்தப் பக்கம் நகர வேண்டும்.
- பழம் மேலிருந்து விழ வேண்டும். கூடையைத் தொட்டால் மொத்தம் சரியாக 1 கூட வேண்டும், பழம் மறுபடி மேலே போக வேண்டும்.
- பழம் தரையைத் தொட்டால் ஆட்டம் நிற்க வேண்டும்.

இதில் எங்குமே 'எப்போதும்' என்ற பிளாக்கை (உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழல்) பயன்படுத்து என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எப்படிச் செய்வது என்பது பிள்ளையின் பாடு. பின்னணி, பழத்தின் படம், ஒலி எல்லாம் அவரவர் விருப்பம். சுதந்திரமான புராஜெக்ட்டும் வேண்டும்தான். பருவத்துக்கு ஒன்று கொடுங்கள், அதை நீங்களே பாருங்கள்.

படி 2: தொடக்கக் கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள்

கூடை, பழம் என்று பெயரிட்ட இரண்டு ஸ்பிரைட்டுகளும் (மேடையில் இயங்கும் உருவங்களும்), மொத்தம் என்ற மாறியும் இருக்கிற, பிளாக் எதுவும் இல்லாத கோப்பைக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பின்னால் பெயர்களாலேயே பாதிச் சோதனைகள் தோற்கும். ஒருவர் 'கூடை' என்பார், ஒருவர் 'பை' என்பார், பாதிப் பேர் 'ஸ்பிரைட்1' என்றே விட்டுவிடுவார்கள்.

தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 'மொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொற்கள். ஆகவே பெயர்களை ஒப்பிடும் முன் யூனிகோட் இயல்பாக்கம் (இந்த வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்துவிடுங்கள். பைத்தானில் அதற்கு உள்ளமைந்த வசதி இருக்கிறது, அதில் என்எஃப்சி என்ற வடிவம் போதும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட வெற்றிடத்தையும் நீக்கிவிடுங்கள். 'மாெத்தம்' என்று காலை முதலில் தட்டிவிட்டுக் கொம்பைப் பிறகு தட்டும் பிள்ளைகளுக்கு இயல்பாக்கமும் உதவாது. தொடக்கக் கோப்புதான் அதற்கு மருந்து.

படி 3: கோப்புகளைச் சேகரிப்பது

இணையம் இல்லாத கணினி அறையில்கூட ஸ்க்ராட்ச் செயலியிலிருந்து 'கணினியில் சேமி' என்று கொடுத்தால் எஸ்பி3 வகைக் கோப்பு கிடைக்கும். கோப்பின் பெயரில் வகுப்பு, பிரிவு, வரிசை எண் மட்டும் இருக்கட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம். பின்னால் ஏதாவது வெளித் தளத்தில் பதிவேற்றினால் பெயரும் கூடவே போய்விடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. வரிசை எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

ஸ்க்ராட்ச் 2இல் செய்த பழைய எஸ்பி2 கோப்பு யாராவது கொடுத்தால் ஸ்க்ராட்ச் 3இல் திறந்து மறுபடி சேமித்துக்கொள்ளுங்கள். உள்ளமைப்பு வேறு, இரண்டுக்கும் சேர்த்து நிரல் எழுதுவது வீண் வேலை.

படி 4: கோப்பைப் பிரித்துப் பார்ப்பது

2019 ஜனவரியில் வந்த ஸ்க்ராட்ச் 3இன் எஸ்பி3 கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் படங்களும் ஒலிகளும் இருக்கும், கூடவே 'புராஜெக்ட்' என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பும் (தரவை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) இருக்கும். நமக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றில்தான்.

அதற்குள் 'டார்கெட்ஸ்' என்ற பட்டியல். மேடை ஒன்று, பிறகு ஒவ்வொரு ஸ்பிரைட்டும் ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் மாறிகள், பட்டியல்கள், செய்திகள், பிளாக்குகள். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அடையாளச் சரம் உண்டு. அது என்ன பிளாக் என்று சொல்லும் ஆப்கோடு, அடுத்த பிளாக் எது, மேலே இருப்பது எது, உள்ளீடுகள் எவை என்பன அதனுடன் இருக்கும். ஆப்கோடில் ஒரு நல்ல விஷயம்: பிள்ளை ஸ்க்ராட்ச்சை எந்த மொழியில் வைத்து வேலை செய்திருந்தாலும் அது மாறாது.

இரண்டு பள்ளங்களைத் தாண்ட வேண்டும். 'எப்போதும்', 'என்றால்' போன்ற பிளாக்குகளின் வயிற்றுக்குள் இருப்பவை 'அடுத்தது' என்ற இணைப்பில் வராது. அவை உள்ளீடுகளுக்குள் 'சப்ஸ்டாக்' என்ற பெயரில் இருக்கும். அதற்குள்ளும் இறங்கிப் போக வேண்டும். இரண்டாவது, எதோடும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் மாறி பிளாக் மற்றவை போல அகராதியாக இல்லாமல் வெறும் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இதை எதிர்பார்க்காத நிரல் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். வகை என்ன என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

படி 5: ஓட்டாமலே பார்க்கும் சோதனைகள்

முதல் வேலை, செத்த பிளாக்குகளை ஒதுக்குவது. பிள்ளைகள் எதையாவது இழுத்துப் போட்டு, வேண்டாம் என்று ஓரமாக விட்டிருப்பார்கள். பச்சைக்கொடி, விசை அழுத்தம், செய்தி வந்தபோது, நகலாகத் தொடங்கும்போது போன்ற, ஒரு ஸ்கிரிப்டை (பிளாக் அடுக்கை) தொடங்கிவைக்கும் தொப்பி பிளாக்கில் ஆரம்பித்து, அங்கிருந்து எட்டக்கூடிய பிளாக்குகளை மட்டும் எண்ணுங்கள். யாரும் அனுப்பாத செய்திக்காகக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட், யாரும் அழைக்காத சொந்த பிளாக்கின் வரையறை இரண்டும் செத்தவைதான்.

'மாறி பயன்படுத்தியிருக்கிறாரா' என்று பார்க்க மாறிகளின் பட்டியலை எண்ணாதீர்கள். புதிதாகத் திறக்கும் எந்த ஸ்க்ராட்ச் கோப்பிலும் முன்னிருப்பாக ஒரு மாறி இருக்கும். அதை எங்காவது அமைக்கும் அல்லது மாற்றும் பிளாக் உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் விளையாட்டுக்கு மூன்று சோதனைகள் போதும். பச்சைக்கொடியிலிருந்து எட்டக்கூடிய ஏதோ ஓர் இடத்தில், அது மேடையாக இருந்தாலும் சரி, மொத்தம் 0 ஆக அமைக்கப்படுகிறதா? கூடையில் அம்புக்குறி விசையைக் கவனிக்கும் பிளாக் இருக்கிறதா? 'தொடுகிறதா' என்ற சோதனை ஏதாவது ஒரு சுழலுக்குள் இருக்கிறதா? இந்த மூன்றாவதில்தான் நிறைய பிள்ளைகள் மாட்டுவார்கள். பச்சைக்கொடிக்குக் கீழே நேரடியாக 'தொட்டால்' என்று போட்டுவிட்டால், கணினி அதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளும். பழம் அப்போது மேலே இருக்கும்.

இந்தச் சோதனைகளை மட்டும் வைத்து யாரையும் தோற்கடிக்காதீர்கள். பழம் கூடையைத் தொடுகிறதா என்று பழத்தின் ஸ்கிரிப்டில் பார்க்கலாம், கூடையின் ஸ்கிரிப்டிலும் பார்க்கலாம். சுழலே இல்லாமல் ஒரு செய்தியைத் தனக்குத்தானே திரும்பத் திரும்ப அனுப்பியும் செய்யலாம். ஸ்பிரைட்டின் நகல்கள் வைத்தும் செய்யலாம். நாம் எதிர்பார்க்காத வழியில் சரியாகச் செய்த பிள்ளைதான் பெரும்பாலும் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை. அவருக்குப் பூஜ்யம் போடுகிற கருவி நமக்கு எதற்கு?

படி 6: நிரல் எழுதாதவர்களுக்கு டாக்டர் ஸ்க்ராட்ச்

மத்ரீத்தின் ரே ஹுவான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கிய இலவசத் தளம் இது. கோப்பைப் பதிவேற்றினால் ஏழு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21க்கு மதிப்பெண் தரும். சிக்கலைப் பிரித்தல், இணைச் செயல்பாடு, தர்க்கம், ஒத்திசைவு, கட்டுப்பாட்டு ஓட்டம், பயனரோடு ஊடாட்டம், தரவைக் கையாளுதல் என்பன அந்த ஏழு.

மதிப்பெண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதன் எல்லையும் தெரியும். தர்க்கத்தில் 'என்றால்' இருந்தால் 1, 'என்றால், இல்லையென்றால்' இருந்தால் 2, 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' வந்தால் 3. தரவில் மாறிக்கு 2, பட்டியலுக்கு 3. ஊடாட்டத்தில் வீடியோவோ ஒலியளவோ பயன்படுத்தினால்தான் 3. நம் பழம் பிடிக்கும் விளையாட்டை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அதற்குப் பட்டியலும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். ஆக 21 வராது, வரவும் தேவையில்லை. மறுபுறம், ஓடவே ஓடாத ஒரு புராஜெக்ட்டில் சரியான பிளாக்குகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டால் மதிப்பெண் ஏறும். பிள்ளைகள் இதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதில் அவர்கள் படு கெட்டி.

எனவே இந்த எண்ணை மதிப்பெண் பட்டியலில் ஏற்றாதீர்கள். ஜூன் மாதம் செய்ததையும் டிசம்பரில் செய்ததையும் ஒரே பிள்ளைக்குள் ஒப்பிட்டு, என்ன புதிதாகக் கற்றிருக்கிறார் என்று பார்க்க அது நன்றாகவே பயன்படும். எண்ணைவிட, அந்தத் தளம் சுட்டிக்காட்டும் கெட்ட பழக்கங்கள் எனக்குப் பயனுள்ளவை: பெயர் மாற்றாத ஸ்பிரைட்டுகள், செத்த பிளாக்குகள், ஒரே ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பது.

ஜெர்மனியின் பாஸவ் பல்கலைக்கழகத்தில் உருவான லிட்டர்பாக்ஸ் என்ற கருவி பிழைகளைத் தேடுவதற்கென்றே எழுதப்பட்டது. சுழலில்லாத 'தொட்டால்', யாரும் பெறாத செய்தி, விசை நிகழ்வில் நகர்த்துவதால் வரும் திக்கித் திக்கி நகர்தல் போன்ற வாடிக்கையான தவறுகளை அது பெயரோடு சொல்லும். ஜாவா நிறுவியிருந்தால் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்துவிடலாம்.

படி 7: ஓட்டிப் பார்க்கும் சோதனைகள்

தீர்ப்பு இங்கேதான் வர வேண்டும். ஸ்க்ராட்ச்சின் இயங்குபொறி திறமூல ஜாவாஸ்கிரிப்ட். அதே பாஸவ் குழுவினர் அதன்மேல் விஸ்கர் என்ற சோதனைக் கருவியைக் கட்டி 2019இல் வெளியிட்டார்கள். நாம் எழுதும் சோதனை பச்சைக்கொடியை அழுத்தும், விசைகளை அழுத்தும், ஸ்பிரைட் எங்கே இருக்கிறது, மாறியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். உள்ளே எப்படி எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

நம் விளையாட்டுக்கான சோதனைகள் இப்படி:

*நகர்தல்.* கூடையின் எக்ஸ் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலது அம்புக்குறியை அரை நொடி அழுத்துங்கள். எக்ஸ் கூடியதா? எத்தனை கூடியது என்று பார்க்க வேண்டாம். ஒருவர் 5 அடி வைத்திருப்பார், ஒருவர் 20. கூடை ஏற்கெனவே வலது ஓரத்தில், அதாவது 240க்குப் பக்கத்தில் இருந்தால் நகராது. அதனால் இடது, வலது இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதியுங்கள்.

*பிடித்தல்.* பழம் எங்கிருந்து விழும் என்பது தற்செயல் எண்ணாக இருக்கும். அதனால் சோதனையே விளையாட வேண்டும்: பழத்தின் எக்ஸைப் பார், கூடை அதற்கு இடப்பக்கம் இருந்தால் வலது விசையை அழுத்து, வலப்பக்கம் இருந்தால் இடது விசை. பழம் கூடையைத் தொட்ட பிறகு மொத்தம் எவ்வளவு கூடியது?

இந்தக் கேள்வியில்தான் வகுப்பின் பாதி மண்டைக்குடைச்சல் வெளியே வரும். 'எப்போதும்' சுழலுக்குள் 'கூடையைத் தொட்டால் மொத்தத்தை 1 கூட்டு' என்று போட்டுவிட்டுப் பழத்தை உடனே மேலே அனுப்பாவிட்டால், ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 முறை திரையை வரைவதால், பழம் கூடையைக் கடக்கும் ஒவ்வொரு கணமும் மொத்தத்தில் 1 ஏறும். ஒரு பழத்துக்கு 8, 11 என்று வரும். பிள்ளைக்கு அது சந்தோஷமாகக்கூட இருக்கலாம். பிளாக்குகளை எண்ணும் எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் எல்லா பிளாக்குகளும் அங்கே இருக்கின்றன.

*மறுதொடக்கம்.* ஒரு பழமாவது பிடித்த பிறகு பச்சைக்கொடியை மறுபடி அழுத்துங்கள். மொத்தம் 0 ஆனதா? ஸ்க்ராட்ச்சில் மாறியின் மதிப்பு ஓட்டத்துக்கு ஓட்டம் தானாக அழியாது, கோப்போடு சேர்த்தே சேமிக்கப்படும். முதல் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

*முடிவு.* கூடையை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழம் தரையைத் தொடும்வரை காத்திருங்கள். பிறகு பழத்தின் இடம் மாறாமல் நிற்கிறதா? நேர வரம்பைத் தாராளமாக வையுங்கள். பழத்தின் வேகத்தை நாம் பணியில் சொல்லவில்லை.

விஸ்கரை நிறுவ வசதி இல்லையா? இதே நான்கு சோதனைகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து ஒருவர் புராஜெக்ட்டை மற்றவர் சோதிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். கணினி செய்வது போலத் துல்லியமாக இருக்காது, ஆனால் சோதிப்பது எப்படி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அது பாடத்திலேயே சேர்ந்ததுதானே.

படி 8: கருவியைத் திருத்துங்கள், பிறகு பிள்ளைகளை

எல்லாக் கோப்புகளையும் ஓட்டும் முன், கலந்து ஒரு இருபது கோப்புகளை எடுத்து நீங்களே கையால் திருத்துங்கள். இன்னொரு ஆசிரியர் கிடைத்தால் அவரும் தனியாகத் திருத்தட்டும். பிறகு கருவியின் முடிவோடு ஒப்பிடுங்கள். கருவி தோற்கடித்து நீங்கள் தேர்ச்சி கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், தவறு பெரும்பாலும் சோதனையில்தான் இருக்கும். தொடக்கத்தில் 'எந்த விசையையாவது அழுத்து' என்று முகப்புத்திரை வைத்தவர், பெயர் கேட்டு நிற்பவர், பழத்தை மறைத்துவிட்டு நகல்களை விழவைத்தவர் என்று யாராவது இருப்பார்கள். சோதனையைத் திருத்துங்கள், முடியாவிட்டால் அவற்றை 'ஆசிரியர் பார்க்க' என்ற குவியலுக்கு அனுப்பும்படி எழுதுங்கள். நீங்களும் சக ஆசிரியருமே ஒத்துப்போகாத இடம் வந்தால், பணியை எழுதிய விதத்தில் குழப்பம் இருக்கிறது என்று பொருள்.

படி 9: மதிப்பெண்

10 மதிப்பெண் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: ஓட்டிப் பார்த்த சோதனைகளுக்கு 6, அமைப்புக்கு (ஓட்டாமலே பார்த்த சோதனைகளுக்கு) 1, பிள்ளையோடு பேசுவதற்கு 3. எல்லாச் சோதனையும் தேறியவர்கள் முதல் குவியல், ஒன்றிரண்டில் தவறியவர்கள் இரண்டாவது, கோப்பே திறக்கவில்லை அல்லது எதுவும் தேறவில்லை என்பவர்கள் மூன்றாவது. உங்கள் நேரத்தை மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள்.

முடிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக (எளிய எழுத்தில் வைத்த அட்டவணையாக) எழுதி எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ வரும். பைத்தானில் எழுதும்போது பிஓஎம் குறியோடு (கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியாக்க அடையாளம்) கூடிய யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

படி 10: காப்பி அடித்ததா?

பிளாக்குகளின் அடையாளச் சரங்கள் தற்செயலாக உருவாக்கப்படுபவை என்பதால், இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகச் செய்தால் அவை ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. இரண்டு கோப்புகளில் அதே சரங்கள் நிறைய இருந்தால், இரண்டும் ஒரே கோப்பிலிருந்து வந்தவை. தொடக்கக் கோப்பில் நீங்களே பிளாக் வைத்துக் கொடுத்திருந்தால் அந்தச் சரங்களைக் கழித்துவிட வேண்டும். ஸ்க்ராட்ச்சின் மாற்று வடிவமான டர்போவார்ப்பில் சேமித்த கோப்புகளில் அடையாளங்கள் சுருக்கப்பட்டிருக்கும், ஆளுக்கு ஆள் ஒன்றுபோலவே வரும். அவற்றில் இந்த வழி செல்லாது.

ஒத்துப்போனதும் தண்டனைக்குப் போகாதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று உட்காரவைத்தது நாம்தான். அதுவும் போக, அடுத்தவர் செய்ததை எடுத்து மாற்றிச் செய்வது ஸ்க்ராட்ச் தளத்திலேயே ஊக்குவிக்கப்படும் பழக்கம். கேட்க வேண்டியது, அவருக்கு அது புரிந்திருக்கிறதா என்பதுதான்.

படி 11: இரண்டு நிமிடப் பேச்சு

கேரன் பிரென்னனும் மிட்செல் ரெஸ்னிக்கும் 2012இல் கணினிச் சிந்தனையை மதிப்பிடுவது பற்றி எழுதிய கட்டுரையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: ஒரு பிளாக் புராஜெக்ட்டில் இருக்கிறது என்பதாலேயே, அது பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று ஆகாது. தான் செய்த புராஜெக்ட்டில் இருக்கும் பகுதியையே விளக்க முடியாத பிள்ளைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஸ்க்ராட்ச்சை உருவாக்கிய எம்ஐடி குழுவிலிருந்தே வந்த கருத்து இது.

எல்லோரிடமும் பேச நேரமில்லை என்றால், இரண்டாவது குவியலையும் காப்பி ஐயம் வந்தவர்களையும் கூப்பிடுங்கள். முதல் குவியலிலிருந்தும் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூப்பிட்டாலே தப்பு செய்ததாக அர்த்தம் என்று ஆகிவிடும். 'இதை விளக்கு' என்று கேட்டால் மனப்பாடம் வரும். மாற்றச் சொல்லிக் கேளுங்கள்: "பழம் இன்னும் வேகமா விழணும்னா எந்த பிளாக்கை மாத்துவ?" "ஒரு பழத்துக்கு அஞ்சு மார்க் குடுக்கணும், எங்க கை வைப்ப?" "இந்த 'எப்போதும்' பிளாக்கை எடுத்துட்டா என்ன ஆகும்? சொல்லிட்டு அப்புறம் எடுத்துப் பாரு."

கருவியின் முடிவைப் பிள்ளைக்குச் சொல்லும்போது 'சோதனை 3 தோல்வி' என்று காட்டாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு குறையை, கண்ணால் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்: 'ஒரு பழம் பிடித்தால் மொத்தம் 9 ஏறுகிறது. பழம் கூடையைத் தொட்ட பிறகு எங்கே போகிறது என்று பார்.' எந்த பிளாக்கைப் போட வேண்டும் என்று கருவி சொல்லிவிட்டால் பிள்ளைக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கேயே தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், அந்தக் கோப்பை மறுபடி சேமிக்கச் சொல்லி, சோதனைகளைத் திரும்ப ஓட்டி, புது மதிப்பெண்ணையே பதியுங்கள். பழைய கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த ஆண்டு சோதனைகளைச் சரிபார்க்க, தவறுள்ள உண்மையான கோப்புகள் கையில் இருக்கும்.